ஆன்லைனில் மாத்திரை வாங்குபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

அப்பாவுக்கு சுகர் என்று தெரிந்த மறுவாரமே பிள்ளைகள் செல்போனில் ஆப்பைத் திறந்துவிடுகிறார்கள். பெங்களூரில் இருந்துகொண்டு தென்காசிக்கு மாத்திரை அனுப்புகிறார்கள். அக்கறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீட்டே பார்க்காமல் மருந்து கொடுத்த காலத்தில் எங்களைப் போன்ற மருந்துக்கடைகளில் என்னென்ன கோளாறு நடந்ததோ, அதெல்லாம் இப்போது பார்சலில் வருகிறது. கடை வைத்திருப்பவன் வேறென்ன சொல்வான் என்று நினைப்பீர்கள். சரி, நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கேட்காத கடைகள் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே வாங்கினாலும் இதே வம்புதான்.

காலாவதி தேதி பார்க்க வேண்டும், உறை கிழிந்திருந்தால் வாங்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்தை முதலில் எடுத்துவிட்டு, சீட்டை அப்புறம் வாங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இந்த ஒன்றில்தான்.

எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் அளவு கூடியிருப்பதைப் பார்த்த உள்ளூர் டாக்டர், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு லினாகிளிப்டின் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பான சுகர் மாத்திரை அது. புதுச் சீட்டு வீட்டில் மஞ்சள் பைக்குள் போய்விட்டது. மகனுக்கு யாரும் சொல்லவில்லை. மகன்தான் மாதாமாதம் தானாகவே அனுப்பும்படி ஆப்பில் போட்டு வைத்திருந்தாரே, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

நடுவில் ஆப்பிலிருந்த பழைய சீட்டு காலாவதியானது. அப்போதாவது நின்றிருக்க வேண்டும். ‘கவலைப்படாதீர்கள், எங்கள் டாக்டர் பேசுவார்’ என்று தகவல் வந்தது. அழைப்பு வந்தது மகனுக்கு, ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில். வயது என்ன, எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார், ஏதாவது தொந்தரவு உண்டா? மூன்று கேள்வி, முடிந்தது. புதுச் சீட்டு வந்துவிட்டது, மாத்திரையும் கிளம்பிவிட்டது.

பெரியவர் இரண்டையும் சாப்பிட்டார். ஒன்று டாக்டர் கொடுத்தது, இன்னொன்று பிள்ளை அனுப்பியது. எதை விடுவார் அவர்? ஒருநாள் விடியற்காலையில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்த்து, பேச்சு குழறிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் 38. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாராம். மதியம் மறுபடியும் இறங்கிவிட்டது. கிளிமிபிரைடின் குணம் அப்படி. கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் சரியில்லாதவர் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாது. ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது, படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும்.

பிறகு அவர் மனைவி மஞ்சள் பையைக் கொண்டுவந்து எங்கள் கவுண்டரில் கொட்டினார். “எதைக் கொடுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்? பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி.” பாதி காலியான அட்டைகள் இரண்டு வகை. மகன் அனுப்பிய ஆன்லைன் சீட்டையும் போனில் காட்டினார். ‘ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர். அதே மருந்தைத் தொடரவும்.’ அவ்வளவுதான். கிரியாட்டினின் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த டாக்டர் பெரியவரிடம் பேசவே இல்லை.

போனில் வைத்தியம் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறை அதை அனுமதிக்கிறது. ஆனால் அதே நெறிமுறை, நோய் இன்னதென்று முறையாகக் கணிக்காமல் மருந்து எழுதுவது தொழில் ஒழுங்கீனம் என்கிறது. நோயாளி பக்கத்தில் இல்லாமல் வேறொருவர் பேசினால், அவருக்கு முறையான அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. கம்ப்யூட்டர் நிரல் தானாக மருந்து எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. நோயாளியைப் பார்த்து மருந்தை முடிவு செய்ய வேண்டும். இங்கே நடப்பது, முடிவான மருந்துக்கு ஒரு கையெழுத்து தேடுவது. சட்டத்துக்கு ஒரு தாள் கிடைத்துவிடும். பெரியவருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தோம்.

ஆகவே: அப்பா டாக்டரிடம் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தானாக அனுப்பும் வசதியை இன்றைக்கே நிறுத்துங்கள். பார்சல் வந்ததும் பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வீட்டில் கிடந்து, இரண்டையும் விழுங்குபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆப்பில் கிடைக்கிறது என்பதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது

ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று தனி விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவாக வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் அது வரைவாகவே கிடக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், விதிகள் வரும்வரை ஆன்லைன் விற்பனை கூடாது என்றது; 2019 ஜனவரி தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. ஆக, உங்களுக்குப் பாதுகாப்பு 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டமும், மருந்தை உண்மையில் எடுத்துக் கொடுக்கும் கடையின் லைசென்சும்தான்.

அதனால் ஆப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள். கடைப் பெயர், முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். சில்லறைக் கடைக்கு லைசென்ஸ் படிவம் 20, 21. பில்லில் 20பி, 21பி மட்டும் இருந்தால் அது மொத்த வியாபார லைசென்ஸ். அவர் உங்களுக்குச் சில்லறையில் விற்கவே கூடாது. பில்லே வரவில்லை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

“சீட்டெல்லாம் வேண்டாம் சார், வாட்ஸ்அப்பில் பேர் மட்டும் அனுப்புங்க”

அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

தூக்க மாத்திரை, வலி மாத்திரைக்குப் பார்சல்

மருந்துகள் சட்டம் பெரும்பாலும் விற்பவரைத்தான் பிடிக்கும். அந்தத் தைரியத்தில் அல்பிரசோலமும் டிரமடோலும் கூரியரில் வரவழைக்கிறார்கள். இவை 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. டிரமடோல் 2018இல் சேர்ந்தது. அந்தச் சட்டம் வைத்திருப்பவரையும் பிடிக்கும். பார்சலில் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும், வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. இந்த வகை மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதுவதற்கும் பொதுவாகத் தடை உண்டு. ஆகவே ஆப்பில் கிடைத்த சீட்டைக் காட்டியும் தப்ப முடியாது.

துபாயில் இருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து மாத்திரை கொடுத்து அனுப்பும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. டிரமடோல், கோடீன் போன்றவற்றுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். கொண்டுபோகிறவர் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தால், மாட்டுவதும் அவன்தான்.

கருக்கலைப்பு மாத்திரையை ரகசியமாக வரவழைப்பது

வெளியே தெரியக் கூடாது என்ற பயம் புரிகிறது. ஆனால் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் சேர்ந்த அந்தப் பெட்டியை ஒன்பது வாரத்துக்குள், தகுதியுள்ள டாக்டர் பார்வையில்தான் தர வேண்டும். கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தப்போக்கு வரும், மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். உள்ளே குழாய் வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இது சட்டப்படி செய்யக்கூடிய சிகிச்சைதான், அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். பெண்ணின் பெயரை வெளியே சொல்வதைக் கருக்கலைப்புச் சட்டமே தடுக்கிறது.

உடம்பு இளைக்க ஊசி

ஓசெம்பிக் என்பது சுகருக்கான ஊசி, இளைக்கவும் போடுகிறார்கள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் ஊசி போட்டுக்கொண்ட சிலர், சர்க்கரை கடுமையாக இறங்கி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் போலி ஊசிகளைப் பற்றி எச்சரித்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் சிக்கியவை அவை. இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்கு வருவது என்னவென்று நீங்களே யோசியுங்கள்.

மே மாத மதியத்தில் இன்சுலின் டெலிவரி

வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. வெயிலில் கிடந்து கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்ல இன்சுலின் மாதிரியே இருக்கலாம்.

சந்தேகம் வந்ததும் மாத்திரையைக் குப்பையில் போடுவது

கோபத்தில் இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். அட்டை, வெளிப்பெட்டி, பில், பார்சல் உறை நான்கையும் எடுத்து வையுங்கள். பேட்ச் எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு மருந்து ஆய்வாளர் எந்தச் சரக்கைத் தேடுவார்? 2023 ஆகஸ்டிலிருந்து 300 முன்னணி பிராண்டுகளில் கியூஆர் குறியீடு கட்டாயம். ஸ்கேன் செய்து, அதில் வரும் பேட்ச் எண்ணும் அட்டையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் புகாரை மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககத்தில் கொடுக்கலாம். தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு ஒவ்வாமை, பக்கவிளைவு வந்தால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு, பிறகு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். அட்டை கையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள், மருந்தின் பெயரைக் கேட்பார்கள்.