நலிந்த மோர்ஸ் சிக்னலுக்கு எந்தச் சுருதி நல்லது?

மோர்ஸ் எழுத்துகள் ஓரளவு பிடிபட்டதும் அடுத்த தொல்லை தொடங்கும். இரைச்சலுக்குள் ஏதோ கேட்கும், எழுத்தாக வராது. உடனே அன்ரனாவை உயர்த்தப் பனையைத் தேடாதீர்கள். ஒரு மாலை ஒதுக்கி உங்கள் காதுக்கு ஏற்ற சுருதியைக் கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலான ரேடியோ செட்கள் மோர்ஸ் தொனியின் சுருதியை 600, 700 ஹெர்ட்ஸில் வைத்தே வருகின்றன. ஒட்டுசுட்டானில் நான் கேட்பது 450 இல். காதே ஒரு ஃபில்டர்தான். 500 ஹெர்ட்ஸ் பக்கம் அது சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறது, 1000 பக்கம் 160 அளவு. அகலம் கூடக்கூடத் தொனியோடு இரைச்சலும் உள்ளே வரும். அதோடு, 50 ஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு நிலையம் இருந்தால், 400க்கும் 450க்கும் இடையில் ஸட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள தூரம். 800க்கும் 850க்கும் இடையில் சுத்த ரிஷபம் அளவுதான். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது முதலாவதைச் சுலபமாகப் பிரித்துவிடும்.

சரி, சோதனை. 14.100 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். தானாகவே சோதனைச் சிக்னல் அனுப்பும் பீக்கன் நிலையங்கள் உலகெங்கும் 18, அவை அங்கே முறை வைத்து ஒலிபரப்புகின்றன. நம் இலங்கையின் 4எஸ்7பி அதில் ஒன்று. ஒவ்வொன்றின் முறையும் 3 நிமிடத்துக்கு ஒருதடவை வரும். அழைப்புக்குறியை அடுத்து ஒரு விநாடி நீளமான நான்கு கோடுகள்: 100 வாட், 10, 1, கடைசியாக 0.1. தூரத்து நிலையம் ஒன்றைத் தெரிந்தெடுத்து எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணுங்கள். சிக்னல் ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வொரு சுருதியிலும் ஐந்து முறையாவது எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 700 இல் மூன்றாம் கோடு இடைக்கிடைதான் வந்தது, 450 இல் அநேகமாக எல்லா முறையும். உங்களுக்கு 550 ஆக இருக்கலாம், அதில் தவறில்லை. சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், கூட்டினால் இரைச்சல்தான் காதை நிரப்பும்.

இனி நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம். சுருதியைக் குறைக்க நான் டியூனிங் குமிழைத் திருப்பினேன். தொனி இறங்கியது, கேட்க இதமாக இருந்தது. ஆனால் அழைத்தால் ஒருவரும் பதில் தரவில்லை. செட் 700க்கு அமைந்திருக்க நான் 450 இல் கேட்டால், என் ஒலிபரப்பு எதிர்ப்பக்கத்தவரின் அலைவரிசையிலிருந்து 250 ஹெர்ட்ஸ் விலகிப் போகிறது. குறுகிய ஃபில்டர் வைத்திருப்பவருக்கு நான் இல்லவே இல்லை. என் செட்டிலும் ஃபில்டரின் நடு 700 இல்தான் நின்றது, நலிந்த சிக்னல் அதன் ஓரத்தில் தேய்ந்தது.

ஆகவே மெனுவில் சிடபிள்யூ பிட்ச் (மோர்ஸ் சுருதி) என்பதைத்தான் மாற்றவேண்டும். அப்போது ஃபில்டரும், நாம் அனுப்பும்போது நமக்கே கேட்கும் தொனியான சைட்டோனும் கூடவே நகரும். பிறகு நிலையத்தின் தொனி சைட்டோனோடு ஒரே சுருதியில் சேரும்வரை குமிழைத் திருப்புங்கள். பழைய செட்கள் பலவற்றில் ஃபில்டரின் நடு 800 இல் நிலையாக இருக்கும். அவற்றில் சுருதியைத் தொடவேண்டாம்.

மின்சார யானைவேலியின் டிக் டிக் எந்தச் சுருதியிலும் கேட்கும். அதற்கு, அப்படியான துடிப்பு இரைச்சலை வெட்டும் நொய்ஸ் பிளாங்கரைப் போடுங்கள். சோலார் இன்வேர்ட்டர் இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பற்றரியில் கேளுங்கள்.

பின்சேர்க்கை: வவுனியாவிலிருந்து ஒரு தம்பி, 400 இல் ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், செட்டின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். அது தாழ்ந்த தொனியைத் தராது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் போட்டபிறகு அவருக்கு 480 பொருந்தியது. எனக்குக் காதுக்குள் செருகும் வகை பிடிப்பதில்லை. ஒரு மணிநேரத்தில் காது களைத்துவிடுகிறது. அப்படிக் களைத்தால் சுருதியை 30, 40 ஹெர்ட்ஸ் நகர்த்திப் பாருங்கள், எழுத்து மறுபடி தெளியும்.