என்.எச்.எஸ்.: பிரிட்டனுக்கு வந்த புதிதில் நாம் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸைப் பயன்படுத்த, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிடுகிறோம். மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 776 பவுண்டு. மூன்று வருட வேலை விசா என்றால் விமானம் ஏறும் முன்பே மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டது. இவ்வளவு கட்டிவிட்டு, வந்து இறங்கியதும் ஜி.பி.யிடம் (நம் பகுதியின் பொது மருத்துவர்) பதிவு செய்யாமல் இருப்பதுதான் முதல் தவறு. 'உடம்புக்கு வந்தால் பார்த்துக்கலாம்' என்று நானும் எட்டு மாதம் ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை காதுவலியோடு அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "உங்கள் ஜி.பி.யைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஜி.பி.யே இல்லை!

பதிவுக்குக் காசு கிடையாது. நண்பர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள், தேவையே இல்லை. முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா எல்லாம் கேட்கலாம், ஆனால் அவை இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பதுதான் இங்கிலாந்தின் விதி. இங்கே ஜி.பி. கிளினிக்குக்கு 'சர்ஜரி' என்று பெயர். ஊருக்குப் போன் பேசும்போது இந்தச் சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "சர்ஜரிக்குப் போறேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

அடுத்த சிக்கல் நம் பழக்கம். ஊரில் முட்டி வலித்தால் நேரே எலும்பு டாக்டர், தோல் அரித்தால் நேரே தோல் டாக்டர். இங்கே ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் பெரும்பாலும் ஜி.பி.யின் பரிந்துரை வேண்டும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே ஜி.பி.யிடம் கிடைக்கும் பத்து நிமிடம் மிகவும் முக்கியம். டாக்டர் முன்னால் அடக்கமாக "கொஞ்சம் வலி, பரவாயில்லை" என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அவர்களும் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். எத்தனை வாரமாக வலிக்கிறது, மாடிப்படி ஏற முடிகிறதா, ராத்திரி தூக்கம் போகிறதா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரைகளின் பிராண்ட் பெயர் இங்கே பலருக்குப் புரியாது. 'டோலோ' என்பதைவிடப் 'பாராசிட்டமால் 650' என்றால் விளங்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள், இலவசம்தான். பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஜி.பி.யைத் தேடவும் வேண்டாம். தொண்டைவலி, சைனஸ், அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு தொல்லைகளுக்கு 2024 ஜனவரி இறுதியிலிருந்து இங்கிலாந்தின் பார்மசிஸ்டே பார்த்து மருந்து தரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999-க்குப் போன் செய்யுங்கள். எங்கே போவது என்று தெரியாத அவசரத்துக்கு 111.

மருந்துச் செலவில்தான் பலர் வீணாகப் பணத்தை விடுகிறார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு (2025 நிலவரம்). ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும், தைராய்டு குறைந்து தினமும் மாத்திரை போடுபவர்களுக்கும் விலக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் சர்க்கரை மருந்து மட்டுமல்ல, எல்லா மருந்துமே இலவசம். நம் வீடுகளில் இந்த இரண்டில் ஒன்று இல்லாத வீடு குறைவு. இருந்தும் வருடக்கணக்கில் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எஃப்.பி.92ஏ என்ற படிவத்தை ஜி.பி. கிளினிக்கில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பிறந்து 12 மாதம் வரை தாய்மாருக்கும் இதுபோல் தனிச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் வரும் முன்பே மருந்துச் சீட்டில் 'இலவசம்' கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள், அபராதம் வரும்.

கடைசியாகச் சொல்வதுதான் பெரிய தொகை: பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாத விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மா. நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணம் அவர்களுக்குச் செல்லாது. ஜி.பி.யைப் பார்ப்பது இலவசம். அவசரப் பிரிவில் தரும் சிகிச்சையும் இலவசம். வார்டில் அட்மிட் செய்த பிறகு நடக்கும் சிகிச்சைக்கு, இங்கிலாந்தில் என்.எச்.எஸ். கணக்கிடும் செலவில் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அவர்களின் அடுத்த விசாவே சிக்கலாகலாம். எனவே பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று அப்பாவின் சர்க்கரையையும் பைபாஸையும் மறைத்தால் க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். அவருடைய மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாலிசி போடுங்கள்.