டார் பேக்கப்பிலிருந்து லினக்ஸ் வட்டை மீட்பது: விரித்த பிறகுதான் வேலையே

போன மாதம் என் மடிக்கணினியின் எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது. டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், நான்கு வருட வேலை எல்லாம் அதில்தான். வாராவாரம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் டார் (எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்பாகக் கட்டும் கருவி) பேக்கப் எடுத்து வைத்திருந்ததால் பெரிதாகப் பதறவில்லை. விரித்தால் முடிந்தது, அரை மணி வேலை என்று உட்கார்ந்தவன் எழுந்தபோது இரவு இரண்டு மணி. கோப்புகளை விரிக்க ஆனது இருபதே நிமிடம்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் 'மேன் டார்' என்று தட்டிப் பாருங்கள்.

படி 1: லைவ் யூஎஸ்பியில் துவக்குங்கள்

லைவ் யூஎஸ்பி என்றால் வட்டில் நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ். எனக்குப் பிடித்தது சிஸ்டம்ரெஸ்க்யூ. துவங்கியதுமே ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஷெல் வந்துவிடும், தேவையான கருவிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த துவக்க மென்பொருள்) கணினி என்றால் யூஎஸ்பியும் யூஈஎஃப்ஐ முறையிலேயே துவங்கியிருக்க வேண்டும். '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' கோப்புறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் மறுபடி துவக்குங்கள், கடைசிப் படியில் க்ரப் (லினக்ஸைத் துவக்கிவிடும் மென்பொருள்) அழ வைக்கும்.

படி 2: எது எந்த வட்டு?

'எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்' என்று தட்டி, சீரியல் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேற்று எஸ்டிஏவாக இருந்தது இன்று எஸ்டிபியாக வரலாம். பேக்கப் இருக்கிற வட்டையே ஃபார்மேட் செய்துவிட்டால் அப்புறம் இந்தப் பதிவால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அப்படியே 'ஜிஜிப் -டி' போட்டுப் பேக்கப் கோப்பு உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: பார்ட்டிஷனும் கோப்பு முறைமையும்

துவக்கக் கோப்புகளுக்கு ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், ரேம் போதாதபோது உதவ ஒரு ஸ்வாப், மீதி ரூட்டுக்கு, அதாவது மற்ற எல்லாக் கோப்புகளும் இருக்கும் '/'க்கு. 'சிஎஃப்டிஸ்க்' போதும், பார்டெட் எனக்கு ஒத்துவரவில்லை.

ஃபார்மேட் செய்வதற்கு முன் ஒரு வேலை. பேக்கப்புக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பை (எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல்) மட்டும் எட்டிப் பார்க்கலாம்: 'டார் -எக்ஸ்ஓஎஃப்', பேக்கப் கோப்பின் பெயர், பிறகு 'ஈடிசி/எஃப்எஸ்டேப்'. இங்கே 'ஓ' பெரிய எழுத்து. கிடைக்கவில்லை என்று சொன்னால் பெயருக்கு முன்னால் './' சேர்த்துப் பாருங்கள். அதில் பழைய யூயூஐடிகள் (பார்ட்டிஷன்களின் அடையாள எண்கள்) இருக்கும். அவற்றையே புதிய பார்ட்டிஷன்களுக்கும் கொடுத்துவிடலாம்: 'எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4', 'எம்கேஸ்வாப்' இரண்டுக்கும் '-யூ' (பெரிய எழுத்து), ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 'எம்கேஎஃப்எஸ்.விஃபேட்' கட்டளையில் '-ஐ', அதுவும் நடுவில் இருக்கும் கோடு இல்லாமல்.

நான் முதல் முறை இதைச் செய்யாமல் எஃப்எஸ்டேப்பைக் கையால் திருத்தினேன். ஸ்வாப் வரியை மறந்துபோனேன். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் இல்லாத ஸ்வாப்புக்காக 90 நொடி காத்துக்கொண்டிருந்தது. பழைய வட்டு இன்னும் உயிரோடு அதே கணினியில் இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம், ஒரே யூயூஐடி இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம்.

படி 4: விரிப்பது

புதிய ரூட்டை '/எம்என்டி'யில் மவுன்ட் செய்துவிட்டு (அதாவது அந்தக் கோப்புறையில் இணைத்துவிட்டு):

டார் --நியூமெரிக்-ஓனர் --ஏசிஎல்ஸ் --எக்ஸ்அட்டர்ஸ் -எக்ஸ்பிஎஃப் பேக்கப்.டார்.ஜிஇசட் -சி /எம்என்டி

கடைசி 'சி' பெரிய எழுத்து. என் தூக்கத்தைக் கெடுத்தது இதில் நான் முதலில் விட்டுவிட்ட 'நியூமெரிக்-ஓனர்'.

ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தக்காரரின் பெயர், எண் இரண்டையும் டார் எழுதி வைத்திருக்கும். ரூட்டாக விரிக்கும்போது முதலில் பெயரைத்தான் பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு பயனர் லைவ் யூஎஸ்பியில் இருந்தால், அங்கே அவருக்கு என்ன எண்ணோ அதையே கோப்பில் போட்டுவிடும். அன்று நான் துவக்கியிருந்தது டெபியனின் எக்ஸ்எஃப்சிஇ லைவ். என் கணினியைப் போலவே அதிலும் லைட்டிஎம் (லாகின் திரையைக் காட்டும் நிரல்) உண்டு, ஆனால் வேறு எண்ணில். எல்லாம் முடித்து மறுதுவக்கம் செய்தால் கருப்புத் திரை, லாகின் பக்கமே வரவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர், ஸோர்க் என்று ஒரு மணி நேரம் எங்கெங்கோ தேடினேன். கடைசியில் '/வார்/லிப்'பில் 'எல்எஸ் -எல்' போட்டபோதுதான் கண்ணில் பட்டது: லைட்டிஎம் கோப்புறையின் சொந்தக்காரர் 'அவாஹி' என்ற வேறொரு பயனர்! வீடு ஒருவருக்கு, பட்டா இன்னொருவர் பேரில். ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமை இல்லை, மறுபடி ஃபார்மேட் செய்து சரியான கட்டளையோடு விரித்தேன்.

சரியாக விரித்த பிறகும் லைவில் இருந்தபடி 'எல்எஸ் -எல்' போட்டால் பெயர்கள் தப்பாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், 'எல்எஸ் -என்' போட்டு எண்ணைப் பாருங்கள்.

படி 5: சிஎச்ரூட், க்ரப்

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை '/எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ'யில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் 'மவுன்ட் --ஆர்பைண்ட்' மூலம் '/எம்என்டி'க்குள் இணையுங்கள். வெறும் 'பைண்ட்' போட்டால் சிஸ்ஸுக்குள் இருக்கும் ஈஎஃப்ஐ மாறிகள் கூட வராது, க்ரப் முறையிடும். பிறகு 'சிஎச்ரூட் /எம்என்டி' (இனி மீட்ட கணினியே ரூட்டாகத் தெரியும்), உள்ளே போய் 'க்ரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' (இங்கே சின்ன எழுத்து), 'அப்டேட்-க்ரப்'. வெளியே வந்து மறுதுவக்கம்.

'டிடி போட்டு முழு வட்டையும் நகல் எடுத்திருந்தால் இவ்வளவு பாடு உண்டா?' என்று நண்பர் கேட்டார். டிடி காலி இடத்தையும் சேர்த்தே நகலெடுக்கும், சின்ன வட்டுக்கு மீட்க முடியாது, நடுவில் ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றால் சுற்றுவழி. வட்டு நகல்தான் வேண்டும் என்றால் பார்ட்குளோன் பாருங்கள், பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும்.

பின்சேர்க்கை: படி 5-இல் மவுன்ட் ஆகவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பேக்கப் எடுக்கும்போது '/ப்ராக்/*' என்று விலக்காமல் '/ப்ராக்' என்றே விலக்கியிருக்கிறார், அதனால் கோப்புறையே வரவில்லை. டெவ், சிஸ், ரன், டிஎம்பிக்கும் இதே கதைதான். 'எம்கேடிர்' மூலம் உருவாக்கிக்கொள்ளுங்கள். டிஎம்பிக்கு மட்டும் 'சிஎச்மோட் 1777' கட்டாயம்.

இன்னொரு பின்சேர்க்கை: சாதாரணப் பயனராக, இணைய இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' வேலை செய்யவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். 'எக்ஸ்அட்டர்ஸ்' என்று மட்டும் போட்டால் விரிக்கும்போது 'யூசர்' வகைப் பண்புகளை மட்டுமே டார் திருப்பித் தருகிறது. டெபியன் 12 வரை பிங்குக்கான அனுமதி 'செக்யூரிட்டி' வகையில் இருந்தது. படி 4 கட்டளையில் --எக்ஸ்அட்டர்ஸ்-இன்க்ளூட்='*.*' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்தபோதே 'எக்ஸ்அட்டர்ஸ்' போடவில்லை என்றால் அது கோப்பிலேயே இருக்காது. பிங் தொகுப்பை 'ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' போட்டு மீண்டும் நிறுவிவிடுங்கள்.