சீட் கணக்கில் இடம் வாடகைக்கு விடப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

கிண்டி, தி.நகர், பெருங்குடி என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கோ-ஒர்க்கிங் பலகை கண்ணில் படுகிறது. ஒரு தளத்தை மொத்தமாக வாடகைக்குப் பிடித்து, மேஜை போட்டு, ஏசி மாட்டி, ஆடிட்டருக்கும் மூன்று பேர் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் மாதக் கணக்கில் விடுகிற தொழில். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும்.

இதில் ஆளைக் கவிழ்க்கும் தவறு, இடத்தைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பில்டிங் ஓனரிடம் ஒன்பது வருட ஒப்பந்தம், அதில் மூன்று வருட லாக்-இன். வாடிக்கையாளரிடமோ ஒரு மாத நோட்டீஸ். லாக்-இன் முடியும்வரை நீங்கள் வெளியேற முடியாது, அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இதே தொழிலில் உலகம் முழுக்க இடம் நடத்தும் ரீஜஸ் கம்பெனியின் அமெரிக்கக் கிளை 2003 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது இந்த இடைவெளியில் விழுந்துதான். டாட்காம் கம்பெனிகள் காலி செய்துகொண்டு போய்விட்டன, வாடகை மட்டும் நின்றது. 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பு போடப்பட்ட இன்னொரு கோ-ஒர்க்கிங் கம்பெனியான வீவொர்க்கும் 2023 நவம்பரில் அதே வாசலுக்கு வந்தது. அவர்களுக்காவது முதலீட்டாளர் பணம் இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3,000 சதுர அடி, 60 சீட். சதுர அடிக்கு 60 ரூபாய் என்றால் வாடகை 1,80,000. கரண்ட், நெட், ஆள் சம்பளம், துப்புரவு எல்லாம் சேர்த்து 1,40,000 என்று வையுங்கள். மாதச் செலவு 3,20,000. சீட்டுக்கு 6,500 வாங்கினால் 50 சீட் நிரம்பினால்தான் கையைக் கடிக்காது. அறுபதும் நிரம்பும் என்று வைத்து லாபம் பார்க்கிறவர்கள், முதல் சில மாதம் பாதி கூட நிரம்பாது என்பதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 20 பேர் கொண்ட ஒரே டீமுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு ஆபத்து. அந்த டீம் கிளம்பினால் மிச்சம் 40 சீட், மாதம் 60,000 நஷ்டம்.

ஆகவே பேரத்தை ஓனரிடம்தான் தொடங்க வேண்டும். லாக்-இன்னைக் குறைக்கப் பாருங்கள். முடிந்தால் குறைந்த நிலையான வாடகையும் வருமானத்தில் பங்கும் என்று பேசுங்கள். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் தளமென்றால் ஓனர் இறங்கி வருவார். உள்வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு நாற்காலி கூடப் போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதற்குத் துணை ஒப்பந்தம் கேட்கிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற வாய்ப்பேச்சு எங்கும் செல்லாது.

வாடிக்கையாளரோடு போடும் காகிதத்திலும் சிக்கல் உண்டு. பெரும்பாலோர் "லைசென்ஸ்", அதாவது இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி, என்று தலைப்பிட்டுவிட்டால் வாடகைதாரர் உரிமை எழாது என்று நம்புகிறார்கள். ஆனால் நீதிமன்றம் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்கும். 1959-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஒரு கேபினுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி, உங்கள் ஆள் உள்ளே நுழையவே முடியாத நிலை என்று விட்டால், அது குத்தகை என்று வாதிட இடம் கொடுத்ததாகும். சாவி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும், அறையை மாற்றித் தரும் உரிமையையும் எழுதிவையுங்கள்.

சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அதைக் கட்ட முடியாதவர்தானே உங்களைத் தேடி வருகிறார்! ஒன்றிரண்டு மாதம் போதும். வாங்கிய அட்வான்ஸைத் தனிக் கணக்கில் வையுங்கள். அதை இன்டீரியருக்குச் செலவழித்தவர், ஒரே மாதத்தில் மூன்று பேர் காலி செய்தால் திருப்பித் தர யாரிடம் போய் நிற்பார்?

ஜிஎஸ்டியை மறைத்து விலை சொல்வது கெட்ட பெயர் வாங்க நல்ல வழி. 6,500 என்று சொல்லிவிட்டு பில்லில் 18 சதவீதம் சேர்த்து 7,670 காட்டினால், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னத் தொழில்காரருக்கு அது முழுச் செலவு. அவரால் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மொத்தத் தொகையையே முதலில் சொல்லுங்கள்.

முகவரி மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கு உங்கள் தடையின்மைச் சான்று போதும் என்பார்கள், மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ சும்மா வருகிற காசு போலத் தோன்றும். அவர் போலி பில் போடுகிறவராக இருந்தால் அதிகாரிகள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அடையாள ஆவணங்கள், தொழிலின் உண்மை, தொடர்பு எண் எல்லாவற்றையும் சரிபாருங்கள். காலி செய்யும்போது பதிவில் முகவரியை மாற்றிய ஆதாரம் தந்த பிறகே அட்வான்ஸைத் திருப்புங்கள், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டு மாடியை மாற்றுகிறவர்கள் ஈ.பி. இணைப்பை மறந்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்பில் ஆபீஸ் நடத்துவது அனுமதியில்லாத உபயோகம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி இரு மடங்கு கட்டணத்தில் கணக்கிட்டு வசூலிப்பார்கள்.

உள் அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பீன் பேக்கும் சுவர் ஓவியமும் போட்டோவுக்குத்தான். வருகிறவர் கேட்பது போன் பேச ஒரு மூடிய அறை, இரண்டு கம்பெனியின் நெட் இணைப்பு, பைக் நிறுத்த இடம், சாம்பார் சாதத்தைப் பிரித்துச் சாப்பிடத் தனி இடம், சுத்தமான கழிப்பறை. வேளச்சேரி, பெருங்குடி பக்கம் இடம் பார்க்கிறீர்கள் என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது, ஜெனரேட்டர் எங்கே இருந்தது என்று புரோக்கரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.