கிருபையைச் செக்ரோலில் எழுதாதீர்கள்

தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் போய், ஜனம் டவுன் ஓரத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில், வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதல்முறை செய்தி கொடுக்க எழுந்து நிற்கும் தம்பி தங்கைகள் சறுக்கும் இடம் மட்டும் மாறவில்லை. நாங்களும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடம்தான். வசன எண்ணைத் தப்பாகச் சொல்வது, இருபது நிமிடச் செய்தியை ஒரு மணி நேரம் இழுப்பது இவற்றையெல்லாம் ஜனமே இருமிக் காட்டிவிடும். அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

கிருபையை முன்பணமாக்குவது

"அவர் உனக்காக உயிரையே கொடுத்தார். நீ அவருக்கு என்ன திருப்பிக் கொடுக்கப் போகிறாய்?" இப்படிக் கேட்டதும் கூட்டம் கண்கலங்கும், பேசியவருக்கும் திருப்தி. அதுவரை முப்பது நிமிடம் ஈவு ஈவு, இலவசம் என்று சொன்னதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கடனாகிவிட்டது என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938 வரை ஓடியது. கப்பல் செலவை முன்பணமாக வாங்கி, அதைச் சம்பளத்தில் கழித்துத் தீர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேடு, கடைப் பற்று, சம்பளப் பிடித்தம் என்பதெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்த வார்த்தைகள். "திருப்பிக் கொடு" என்றால் அவர்கள் காதில் சம்பள நாள்தான் விழும்.

இதனால் கெடுவது இரண்டு வகை ஆட்கள். குடியை விட்டு மறுபடி விழுந்தவர், தவணை கட்டாதவர் மாதிரி ஒளிவார். "சரியானதும் சபைக்கு வர்றேங்க ஐயா" என்பார், வரமாட்டார். இன்னொருவர் ஒழுங்காகத் தசமபாகம் கொடுத்து, உபவாசம் இருந்து, பத்து வருடம் கட்டிவிட்டார். வீட்டில் ஒரு நோய் வந்ததும், "நான் செய்ததற்கு இதுதானா?" என்று கடவுளிடம் கணக்குக் கேட்பார். இருவருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

அப்போஸ்தலன் பவுல் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார். ரோமர் 4:4-இல், வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையாக அல்ல, கடனாகவே எண்ணப்படும் என்கிறார். ரோமர் 6:23-இல் சம்பளம் கொடுக்கிற எஜமான் பாவம் மட்டுமே. அங்கே உள்ள கிரேக்கச் சொல் 'ஒப்சோனியோன்', போர்வீரனுக்கு அளக்கும் படி. வசனத்தின் மறுபாதியில் வருவது 'கரிஸ்மா', அதாவது கிருபைவரம். பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: சம்பளம், ஈவு. நித்தியஜீவனை முதல் பத்தியில் எழுத எந்த வசனம் இடம் கொடுக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

"சங்கீதம் 116:12-இல் 'என்னத்தைச் செலுத்துவேன்' என்று இருக்கிறதே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அடுத்த வசனத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்வேன் என்கிறான் பாடுகிறவன். செலுத்தக் கேட்டவன் மறுபடியும் வாங்கத்தான் கை நீட்டுகிறான்.

மத்தேயு 20-இன் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையை எடுத்தால் நேரங்களை நம் கடிகாரத்தில் சொல்லுங்கள்: விடியற்காலை, காலை 9, பகல் 12, பிற்பகல் 3, மாலை 5. கடைசியாக வந்தவர்களுக்கு ஒரு மணி நேர வேலைதான். எல்லாருக்கும் ஒரே பணம், ஒரு தெனாரியம், ஒரு நாள் கூலி. டன் கணக்கில் செம்பனைக் குலை வெட்டிக் கூலி வாங்கியவர் "இது அநியாயம்" என்பார். அதையே வெயிலில் நின்றவர்கள் 12-ஆம் வசனத்தில் சொல்கிறார்கள், சொல்ல விடுங்கள். முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை என்பதை மட்டும் காட்டுங்கள். "கடைசியில் வந்தவர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்திருப்பார்கள்" என்று சமாளிக்கிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. வேதத்தில் இல்லாத சுறுசுறுப்பைச் சேர்த்து, எஜமானின் தயவை மறுபடி செக்ரோலுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

அப்படியானால் நற்கிரியை வேண்டாமா? கிரியையினால் அல்ல, கிருபையினாலே என்கிற எபேசியர் 2:8, 9-ஓடு நிறுத்தினால் இந்தக் கேள்வி வரும். 10-ஐயும் சேர்த்தே படியுங்கள். நற்கிரியை அங்கேதான் இருக்கிறது, இரட்சிப்புக்குப் பின்னால்.

'பாவம்' என்ற சொல்லை விளக்காமல் ஓடுவது

தமிழில் "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். பாவ புண்ணியம் என்றால் கூட்டல் கழித்தல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மலாயில் 'டோசா' (பாவம்), 'பஹாலா' (புண்ணியம்) என்ற ஜோடியும் பழக்கம். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து போனவை, தோஷமும் பலனும். இந்த மூன்றும் காதில் ஓடும்போது நீங்கள் வேறொன்றைச் சொல்கிறீர்கள். புதிய ஏற்பாட்டின் 'ஹமார்த்தியா'வுக்கு அடிப்பொருள் குறி தவறுதல். பவுலோ அதை ஆளுகிற ஒரு சக்தியாகவே பேசுகிறார் (ரோமர் 5:21). சாராயம், சீட்டு, சினிமா என்று பட்டியல் போட்டால், அவற்றைத் தொடாத ஆள் தப்பித்துக்கொள்வார். லூக்கா 15-இன் கெட்டகுமாரன் கதையில் மூத்த மகன் தகப்பன் வீட்டை விட்டே போகவில்லை. கோபத்தில் அவன் எடுத்துக் காட்டுவதும் இத்தனை வருட உழைப்பைத்தான்.

சாவு வீட்டில் காரணம் சொல்வது

சொல்லாதீர்கள். பிறவிக் குருடனுக்கு யாருடைய பாவமும் காரணமல்ல என்கிறார் இயேசு, யோவான் 9:3. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல, லூக்கா 13:4.

மாதா கோயில் சொந்தங்களைச் சீண்டுவது

கல்யாண வீட்டில் பாதிச் சொந்தம் கத்தோலிக்கராக இருப்பார்கள். அவர்கள் அருள், மீட்பு என்பதைத்தான் நாம் கிருபை, இரட்சிப்பு என்கிறோம். "அவர்களுக்குக் கிரியையால் இரட்சிப்பு" என்று ஒரே போடாகப் போடாதீர்கள். நீதிமானாக்கப்படுதல் பற்றி லுத்தரன் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 31 அக்டோபர் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெத்தடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லைதான். அதைப் பந்தியில் உட்கார்ந்து தீர்க்கவும் வேண்டாம்.

இயேசுவை ஏற்றவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவது

பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் இடத்தில், தலை எண்ணுவது மண்டோர் என்ற மேஸ்திரியின் வேலை.

"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?"

புதியவரை மடக்க இதைக் கேட்கிறார்கள். பவுல் இரட்சிப்பை மூன்று காலத்திலும் பேசுகிறார்: இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நமக்கோ (1 கொரிந்தியர் 1:18), அவராலே இரட்சிக்கப்படுவது (ரோமர் 5:9). சிறு வயதிலிருந்தே பாட்டியோடு ஜெபத்துக்கு வந்த ஒருவருக்குச் சொல்லத் தேதி இருக்காது. "இன்றைக்கு யாரை நம்பியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறந்து பதில் சொல்வார்.