வீல் பேரிங், ரப்பர் புஷ் கழற்றும்போது ஹப்பைக் கெடுக்கும் தவறுகள்

பைக் வீலின் பேரிங் தேய்ந்தால் புதுசு வாங்கிப் போடலாம். வீலின் நடுப்பகுதியான ஹப்பில் அது உட்காரும் துளை அப்படியல்ல. துளை கீறிப்போனாலோ வட்டம் கெட்டாலோ எந்தப் புதுப் பேரிங்கும் அதில் இறுக்கமாக நிற்காது. துளையைச் சுற்றிலும் பஞ்ச் (சுத்தியலால் அடிக்கும் இரும்புக் கம்பி) வைத்துக் குத்தி ஒப்பேற்றுகிறார்கள். நாள்பட மறுபடி ஆடத்தான் செய்யும். அதனால் கழற்றும்போது காப்பாற்ற வேண்டியது ஹப்பைத்தான், பழைய பேரிங்கை அல்ல.

பலர் பார்க்காமலே அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை நெம்பி எடுத்து, அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சில ஹப்புகளில் பேரிங்கை ஒரு சர்க்ளிப்போ (காடியில் உட்காரும் கம்பி வளையம்), மரை போட்ட வளையமோ பிடித்திருக்கும். அந்த வளையத்தின் ஓரத்தைக் குத்தி லாக் செய்திருந்தால், குத்திய இடத்தைச் சின்ன டிரில்லால் எடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இதைக் கவனிக்காமல் அடித்தால் ஹப் விரிசல் விடும்.

வீலை டிஸ்க் தரையில் படும்படி போட்டு அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. டிஸ்க் வளைந்தால் பிரேக் பிடிக்கும்போது துடிக்கும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பேரிங் வெளியே வர இடம் விட்டு, ஹப்புக்குக் கீழே இரண்டு மரக்கட்டை கொடுங்கள்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். நீளமான பஞ்ச் வைத்து அதை ஓரமாகத் தள்ளினால், அடியிலுள்ள பேரிங்கின் இன்னர் ரேஸ் (உள் வளையம்) விளிம்பு பிறை மாதிரி கொஞ்சம் தெரியும். பஞ்ச் உட்கார அது போதும். ஒரு தட்டு தட்டியதும் எதிர்ப்பக்கம் மாறுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து சிக்கி, அலுமினியத்தைச் செதுக்கிவிடும். ஸ்பேசர் அசையவில்லையா? இன்னர் ரேஸுக்குள் நுழையும் அளவில் ஓர் ஆங்கர் போல்ட்டை (இறுக்கினால் விரிந்து பிடிக்கும் போல்ட்) விட்டு இறுக்கி, மறுபக்கத்திலிருந்து கம்பியால் தட்டலாம். பேரிங் எஃகு கடினமானது, சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலை வேண்டாம்.

பலத்தைவிடச் சூடுதான் உதவும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 42 மி.மீ. துளையுள்ள ஹப்பை 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், உள்ளே பேரிங்கும் சேர்ந்து சூடானாலும் 0.03 மி.மீ. இடைவெளி கூடும். துளையைவிடப் பேரிங் பெரிதாக இருந்து பிடிக்கும் அளவே பெரும்பாலும் நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர்தான். ஹீட் கன் போதும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாக வேண்டும். கேஸ் டார்ச் பெயின்ட்டைக் கருக்கும், ஓரிடத்தில் நின்றால் அலுமினியத்தின் பலத்தையும் குறைக்கும்.

பேரிங் உடைந்து அவுட்டர் ரேஸ் (வெளி வளையம்) மட்டும் உள்ளே தங்கிவிட்டால் உளியைத் தொடாதீர்கள். வெல்டரிடம் கொடுத்து, ரேஸின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வரி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஆறும்போது ரேஸ் சுருங்கி, பெரும்பாலும் கையாலேயே வந்துவிடும்.

ரப்பருக்கு வருவோம். செயின் பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் ரப்பர் துண்டுகள் என்றால் கையால் பிடுங்கிவிடலாம். சில வண்டிகளில் வெளியே இரும்புக் கூடு, நடுவில் குழாய், இடையில் ரப்பர் கொண்ட வட்ட புஷ்களை ஹப்பில் அழுத்தியிருப்பார்கள். துளையின் மறுபக்கம் அடைத்திருந்தால் தட்டவும் வழியில்லை. இங்கேதான் நெருப்பு வைக்கிறார்கள். புகைதான் மிச்சம், கூடு அப்படியே இருக்கும். நடுக்குழாயைச் சுற்றி ரப்பரில் நெருக்கமாக டிரில் போட்டு, குழாயைப் பிடுங்குங்கள். பிறகு ஹாக்சா பிளேடால் கூட்டை உள்ளிருந்து அறுங்கள். முழுக்க அறுக்க வேண்டாம். காகிதக் கனம் மிச்சம் வைத்து, சின்ன உளியால் உள்பக்கம் மடக்கினால் பிடி விட்டுவிடும். அவசரப்பட்டு அறுத்தால் பிளேடு அலுமினியத்தில் இறங்கிவிடும். புது ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னர் ரேஸில் அடி வாங்கி வெளிவந்த பேரிங்கை, நன்றாகச் சுற்றினாலும், திரும்பப் போடக் கூடாது. பால்கள் ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கும். புதியதை அவுட்டர் ரேஸில் மட்டும் படும் சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். முதல் பேரிங் அடியில் உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியாக மாறும். அடுத்து ஸ்பேசர், மறந்தால் ஆக்சில் நட்டை இறுக்கும்போதே பேரிங் போய்விடும். இரண்டாவது பேரிங், ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் பக்கவாட்டு அழுத்தம் ஏறி, இன்னர் ரேஸை விரலால் சுற்றும்போதே கரகரப்பு தெரியும்.