அமெரிக்காவில் ஜியாலஜி எம்.எஸ்., பிஎச்.டி.: முதல் மெயிலிலிருந்து விசா வரை

ஜியாலஜி படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க நினைத்தால் முதலில் போய்க் கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த அண்ணன், அக்காக்களிடம்தான். அவர்களும் நல்ல மனதோடு சொல்வார்கள்: ரேங்கிங் பார், ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வு எழுது, பத்துப் பன்னிரண்டு யுனிவர்சிட்டிக்குப் போடு, பேங்க் லோன் எடு. ஜியாலஜிக்கு இந்த வழி சரிப்பட்டு வராது. இங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சிக்கு நீங்கள் பொருந்துவீர்களா, உங்களுக்குக் கொடுக்க அவரிடமோ துறையிடமோ பணம் இருக்கிறதா என்ற இரண்டும்தான் முடிவு செய்யும். அதனாலேயே கடன் வாங்காமல் எம்.எஸ். முடிக்கும் வாய்ப்பும் இந்தத் துறையில் உண்டு.

ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டரை வைத்துச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வருஷம் ஜூனிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 1: எம்.எஸ்.ஸா, பிஎச்.டி.யா?

தீசிஸ் (ஆய்வேடு) எழுதும் எம்.எஸ். பெரும்பாலும் இரண்டு வருஷம். பிஎச்.டி. நான்கு முதல் ஆறு வருஷம் போகும். சுரங்கம், எண்ணெய், நிலத்தடி நீர் கம்பெனிகளில் வேலை பார்க்க எம்.எஸ். போதும், பேராசிரியர் ஆகவேண்டும் என்றால் பிஎச்.டி. வேண்டும். தீசிஸ் இல்லாத எம்.எஸ்.ஸும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பண உதவி கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால், வெளிநாட்டு மாணவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மூன்று வருஷ பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷப் பட்டம் கேட்கும். பி.எஸ்சி.யோடு எம்.எஸ்சி.யும் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் ஸ்கூலுக்கு முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 2: பெயரும் காகிதங்களும்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி இது. மார்க்ஷீட்டில் "கா. செல்வி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் "செல்வி", சர்நேம் இடம் காலி. அமெரிக்க விசா முறையில் சர்நேம் காலியாக இருக்க முடியாது. "செல்வி" சர்நேமாகப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் "எஃப்.என்.யு." என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு பேங்க், டிரைவிங் லைசென்ஸ் என்று போகும் இடமெல்லாம் அந்த மூன்று எழுத்து கூடவே வரும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சர்நேமாக வைத்துப் பாஸ்போர்ட்டை இப்போதே திருத்திவிடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளைக் கொடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு (எல்லா செமஸ்டர் மார்க்கும் உள்ள அதிகாரப்பூர்வச் சான்று) பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வாரக்கணக்கில் இழுக்கும், அதையும் ஜூலையிலேயே செய்யுங்கள். மார்க் சதவீதத்தை நீங்களாக நான்கு புள்ளிக் கணக்குக்கு மாற்ற வேண்டாம். படிவம் கேட்டால் ஒழிய, உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

படி 3: கேள்வியைப் பிடியுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்

"எனக்கு ஜியாலஜி பிடிக்கும்" என்பதை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியரையும் தேட முடியாது. நீங்கள் கையில் எடுத்துப் பார்த்த பாறையிலிருந்து தொடங்குங்கள். இதில் நமக்குக் குறையே இல்லை. பரங்கிமலையின் சார்னோகைட் பாறை உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அரியலூர், காரை பக்கம் கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்கள் கிடக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலா மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரித்தது. ஃபீல்டு டிரிப்பில் இந்த இடங்களில் நின்றபோது உங்களுக்குள் எழுந்து, விடை கிடைக்காமல் போன கேள்வி எது? அதை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

அந்தக் கேள்வியோடு தொடர்புள்ள ஆய்வுக்கட்டுரைகளை கூகுள் ஸ்காலரில் தேடி, கடந்த ஐந்து வருஷத்தில் எழுதியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துறையின் பெயர் ஜியாலஜி என்றே இருக்காது. ஜியோசயின்சஸ், எர்த் அண்ட் பிளானட்டரி சயின்சஸ் என்றெல்லாம் இருக்கும். ஆய்வகம் எங்கே என்பதையும் பாருங்கள். ஜிர்கான் என்ற கனிம மணிகளின் வயதைக் கணக்கிடுவதில் ஆர்வம் என்றால் அரிசோனா பல்கலைக்கழகத்தின் லேசர்குரோன் மையம் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். தாதுப் படிவங்கள் என்றால் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ், நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகம். வண்டல் பாறை, எண்ணெய் என்றால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்சன் ஸ்கூல். பொதுவான ரேங்கிங்கில் இவற்றில் சில கீழே இருக்கலாம், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒரு வழி. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்., தான் கொடுக்கும் ஆராய்ச்சி நிதி விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம், எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று எல்லாம் தெரியும். போன வருஷம் தொடங்கிய நிதி என்றால் அவருக்கு மாணவர் தேவைப்படலாம். இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால் அடுத்தது கிடைக்குமா என்று அவரே காத்திருப்பார். 2025-இல் என்.எஸ்.எஃப். பல நிதிகளைப் பாதியில் நிறுத்தியது, சில துறைகள் மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. ஆகவே இந்தத் தேடலை இப்போது கட்டாயம் செய்ய வேண்டும்.

படி 4: மெயில்

செப்டம்பர், அக்டோபரில் அனுப்புங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பலரும் இப்படி எழுதுகிறார்கள்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி. புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறேன். தயவுகூர்ந்து வாய்ப்புத் தாருங்கள்." எதிரில் இருப்பவர் ஐயாவா அம்மாவா என்றுகூடப் பார்க்காமல், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய மெயில் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்படி எழுதிப் பாருங்கள் (ஆங்கிலத்தில்தான், "டாக்டர்" போட்டு அவருடைய குடும்பப் பெயரோடு): "நான் சேலத்தில் எம்.எஸ்சி. ஜியாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காகச் சித்தம்பூண்டியின் குரோமைட் அடுக்குகளைக் களத்தில் வரைந்து, தின் செக்ஷன்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குரோமைட்டுக்கு நடுவே ஆம்ஃபிபோல் நிறைய இருந்தது. மாக்மாவிலேயே நீர் இருந்ததால் வந்ததா, பிற்கால உருமாற்றத்தில் வந்ததா என்பது எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் கட்டுரையில் கனிமங்களின் வேதியியலைக் கொண்டு இதைப் பிரித்தறிந்த விதத்தைப் படித்தேன். அடுத்த ஆகஸ்டில் புதிய மாணவரை எடுக்கும் எண்ணம் இருக்கிறதா?" கூடவே இரண்டு பக்க சி.வி. அவ்வளவு போதும். படிக்காத கட்டுரையைப் படித்ததாக எழுதவே கூடாது. பதில் வந்து வீடியோ காலில் பேசும்போது முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். "மாணவர் எடுக்கவில்லை" என்று பதில் வந்தால் அந்த விண்ணப்பக் கட்டணம் உங்களுக்கு மிச்சம். எடுப்பதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். ஐந்தாறு போதும்.

படி 5: தேர்வுகள்

ஜி.ஆர்.ஈ.யைப் பல ஜியாலஜி துறைகள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றாவது கேட்டால் மட்டும் எழுதுங்கள். டோஃபல் அல்லது ஐஈஎல்டிஎஸ் வேண்டும். மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும். லேப் வகுப்பு எடுக்கும் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டண்ட்) வேலைக்குப் பல இடங்களில் பேச்சுப் பகுதிக்குத் தனியாக அதிக மதிப்பெண் கேட்பார்கள். பேசிப் பழகுங்கள்.

படி 6: எஸ்.ஓ.பி.யும் பரிந்துரைக் கடிதங்களும்

எஸ்.ஓ.பி. என்பது ஏன், என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கட்டுரை. அதைச் சிறுவயதில் கூழாங்கல் பொறுக்கியதில் தொடங்காதீர்கள். முதல் பத்தியில் உங்கள் கேள்வி, அடுத்து அதற்காக நீங்கள் கைப்படச் செய்த வேலை, பிறகு ஏன் இந்தத் துறை, யாரோடு, எந்தக் கருவி. ஃபீல்டில் எத்தனை நாள் இருந்தீர்கள், என்ன அளவில் மேப் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அங்கே பி.எஸ். மாணவர்கள் ஐந்தாறு வாரம் ஃபீல்டு கேம்ப் முடித்திருப்பார்கள், அதற்கு ஈடாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பார்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்று சார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பணிவாக இப்படிக் கேளுங்கள்: "சார், ஃபீல்டுல நான் என்ன பண்ணேன்னு நீங்க பார்த்ததை ரெண்டு வரி எழுதினா போதும்." அவருக்கு நினைவூட்ட, நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். துறைத்தலைவர் பதவியைவிட, ஃபீல்டில் உங்களோடு வெயிலில் நடந்த ஆசிரியரின் கடிதம் பெரிது. கல்லூரி மெயில் முகவரியிலிருந்து வந்தால் நம்பிக்கை கூடும்.

படி 7: விண்ணப்பம்

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடு வரை. கட்டணம் 75, 100 டாலர் என்று போகும். கஷ்டமென்றால் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டரிடம் விலக்குக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

படி 8: ஆஃபர் வந்ததும்

கடிதத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: டியூஷன் முழுதும் தள்ளுபடியா, அதற்கு மேல் தனிக் கட்டணங்கள் உண்டா, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது, உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா. கோடை மூன்று மாதம் பணமில்லாமல் போனால் வாடகை கட்டுவது பெரும்பாடு. அந்தப் பேராசிரியரின் இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். ஆள் எப்படி, பணம் கைக்கு வருகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

யாராவது அவசரப்படுத்தினால், ஏப்ரல் 15 என்ற தேதியை நினைவில் வையுங்கள். நிதியோடு வரும் ஆஃபர்களுக்கு அதற்கு முன் பதில் சொல்லும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வேண்டாத ஆஃபரை உடனே மறுத்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு அது போகும்.

படி 9: விசா

பல்கலைக்கழகம் ஐ-20 (மாணவர் விசாவுக்கான சேர்க்கைச் சான்று) அனுப்பியதும் செவிஸ் எனப்படும் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டாலர், பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். நேர்காணலில் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால் ஜியாலஜி தெரியாதவருக்கும் புரியும்படி இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். "யார் செலவு செய்கிறார்கள்?" என்று கேட்டால் டி.ஏ. அல்லது ஆர்.ஏ. (ரிசர்ச் அசிஸ்டண்ட்) வேலைக் கடிதத்தை எடுத்து நீட்டுங்கள்.